இரண்டு பதிவுகள் என்று சொல்லி விற்ற பெட்டியில் ஒரே பதிவு: பணத்தைத் திருப்பித் தரவும் உறையைத் திருத்தவும் கோரிப் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: 'சைக்கோ' பின்னணி இசை, இரட்டை சிடி ஒப்பீட்டுப் பதிப்பு தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1960-இல் எடுத்த 'சைக்கோ' படத்துக்கு பெர்னார்ட் ஹெர்மன் அமைத்த பின்னணி இசையை நீங்கள் இரண்டு சிடிகள் கொண்ட பெட்டியாக வெளியிட்டீர்கள். அறிவிப்பு வந்த அன்றே முன்பதிவு செய்தேன். முதல் தட்டில் 1960-இல் படத்துக்காக வாசித்த மூலப் பதிவு மோனோவில் (ஒரே ஒலித்தடம்), இரண்டாம் தட்டில் 1975-இல் ஹெர்மனே மறுபடி நடத்திய ஸ்டீரியோ பதிவு (இடது, வலது என இரு தடங்கள்) என்று உறையில் அச்சிட்டிருந்தீர்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டு ஒப்பிடலாம் என்பதுதான் விளம்பரத்தின் முதல் வரி. என்னை வாங்க வைத்ததும் அந்த வரிதான்.

ஆனால் இரண்டு தட்டிலும் இருப்பது ஒரே பதிவு. 1975 பதிவையே மோனோவாக்கி, உச்ச ஒலிகளை (அதிர்வெண் அதிகமான கூரிய ஒலிகளை) வெட்டி, மேலே கொஞ்சம் சீறலைச் சேர்த்து முதல் தட்டில் போட்டிருக்கிறீர்கள். இது கடுமையான குற்றச்சாட்டு என்று எனக்குத் தெரியும். இரண்டு வாரம் சோதித்துப் பார்த்த பிறகே எழுதுகிறேன்.

சந்தேகம் வந்தது முதல் நிமிடத்திலேயே. படத்தின் எழுத்துகள் ஓடும்போது வரும் அந்தத் தொடக்க இசை எனக்கு மனப்பாடம். படத்தில் அது துரத்துகிற வேகத்தில் ஓடும். வில்கள் தந்தியை வெட்டி வெட்டிப் போகும், மூச்சு விட இடம் இருக்காது. உங்கள் முதல் தட்டில் அது நடந்து போகிறது. ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே காற்று நுழைகிறது. இப்படி வாசித்ததை நான் வேறோர் இடத்தில் கேட்டிருக்கிறேன், அது 1975 பதிவு. ஹெர்மன் அந்த வருடம் லண்டனில் நேஷனல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுக் கலைஞர்களை வைத்து முழு இசையையும் திரும்பப் பதிவு செய்தபோது காலப்பிரமாணத்தை நன்றாகத் தளர்த்திவிட்டார். இந்த இசையை விரும்பிக் கேட்கிறவர்களுக்கு இது தெரிந்த விஷயம். படத்தின் பதற்றத்தை எதிர்பார்த்து அந்தத் தட்டை வாங்கிய பலரும் முதலில் ஏமாந்திருக்கிறார்கள், நானும்தான். பிறகு அதை அதற்காகவே நேசிக்கக் கற்றுக்கொண்டேன். சதுப்பில் கார் மூழ்கும் இடத்தில் அந்த மெதுவான வாசிப்பு ஒரு கனத்தைக் கொண்டுவருகிறது, படத்தில்கூட அது அவ்வளவு இல்லை.

சந்தேகம் வந்ததும் இரண்டு தட்டுகளின் டிராக் நேரங்களை எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் நொடி பிசகாமல் ஒன்றாக இருந்தது. இடையில் 15 வருடம், வேறு ஊர், வேறு வாசிப்பாளர்கள். எந்த இசை நடத்துநரும் இத்தனை துண்டுகளை ஒரே நேரக்கணக்கில் இரண்டு முறை நடத்தியிருக்க முடியாது.

அடுத்து இரண்டு தட்டுகளையும் கணினியில் ஏற்றினேன். இரண்டாம் தட்டின் இடது, வலது தடங்களைக் கூட்டி மோனோவாக்கினேன். அதன் அலைவடிவத்தைத் தலைகீழாக்கி, ஒலி அளவைச் சரிசெய்து, முதல் தட்டோடு சேர்த்து ஓடவிட்டேன். இரண்டும் வேறு வேறு வாசிப்பாக இருந்தால் இரைச்சல்தான் மிஞ்சும். ஒரே வாசிப்பாக இருந்தால் ஒன்று மற்றொன்றை அழித்துவிடும். செல்லோவும் டபுள் பேஸும் ஏறக்குறைய முழுதாக மறைந்துபோயின. மிஞ்சியது நீங்கள் வெட்டி எறிந்த உச்ச ஒலிகளும் நீங்கள் சேர்த்த சீறலும். அந்தச் சீறல் ஒவ்வொரு டிராக் தொடங்கும்போதும் சட்டென்று தொடங்கி, முடியும்போது துண்டாக நிற்கிறது. பழைய டேப்பின் சீறல் இசைக்கு முன்பே ஆரம்பித்து இசை நின்ற பிறகும் ஓடும். பழைய டேப் கேட்டவர் யாருக்கும் இது தெரியும்.

உங்கள் கையேடே இதற்குச் சாட்சி சொல்கிறது. இரண்டு தட்டுகளுக்குமே வாசித்தவர்கள் நேஷனல் ஃபில்ஹார்மோனிக் என்று அதில் அச்சிட்டிருக்கிறீர்கள். ஒலிப்பதிவுக்கென்றே பிரிட்டனில் உருவான அந்தக் குழு தொடங்கப்பட்டது 1964-இல். 1960 படத்துக்கு அவர்கள் எப்படி வாசித்திருக்க முடியும்? கையேட்டை அச்சுக்கு அனுப்பும் முன் ஒருவர் ஒருமுறை படித்திருந்தால் அங்கேயே பிடிபட்டிருக்கும்.

என்னை மிகவும் வருத்துவது குளியலறைக் கொலைக் காட்சியின் இசைக்கு நேர்ந்த கதி. அதை விளக்கினால்தான் இந்தப் புகாரின் கனம் உங்களுக்குப் புரியும்.

ஹெர்மன் இந்தப் படத்துக்கு வெறும் தந்தி வாத்தியங்களை மட்டும் எடுத்துக்கொண்டார். குழலும் இல்லை, கொம்பும் இல்லை, தாளவாத்தியமும் இல்லை. இசைக்கான செலவைக் குறைத்திருந்தார்கள், அந்தக் குறையையே அவர் வழியாக்கிக்கொண்டார். படம் நெடுக அந்தத் தந்திகள் மியூட் போட்டே வாசிக்கின்றன. வயலினின் குதிரையில், அதாவது தந்திகளைத் தாங்கும் மரத்துண்டில், ஒரு சிறு கவ்வியை மாட்டினால் ஒலியின் பளபளப்பு அடங்கி, தொண்டை கட்டினாற்போல் ஆகிவிடும். பார்க்கிறவர் முக்கால் மணி நேரம் இந்த அடங்கிய ஒலிக்குள்ளேயே பழகிவிடுகிறார். குளியலறையில் கத்தி உயரும்போது மியூட் கழன்றுவிடுகிறது. அதுவரை மூடியிருந்த ஒலி மொத்தமாகத் திறந்துகொண்டு வயலின்கள் வீறிடுகின்றன. அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். ஹெர்மன் எழுதிக் காட்டியதைக் கேட்டபின் மனதை மாற்றிக்கொண்டார். அந்த அதிர்ச்சியில் பாதிக்குமேல் மூடிய ஒலிக்கும் திறந்த ஒலிக்கும் உள்ள இந்த வித்தியாசத்தால் வருகிறது என்பது என் கருத்து.

பழைய பதிவுபோல் காட்டுவதற்காக நீங்கள் முதல் தட்டில் உச்ச ஒலிகளை வெட்டினீர்கள். மியூட் செய்கிற வேலையையே அந்த வெட்டும் செய்கிறது. விளைவு, திறந்து வீறிட வேண்டிய வயலின்கள் மறுபடி மியூட் போட்டதுபோல் ஒலிக்கின்றன. முன்னே வந்த இசைக்கும் இதற்கும் நிறத்தில் வேறுபாடே இல்லை. இந்த இசையை முதன்முதலாக உங்கள் தட்டில் கேட்கும் ஓர் இளைஞர் இதற்கா இவ்வளவு பேச்சு என்று நினைத்துக் கடந்துபோய்விடுவார். அது என்னால் பொறுக்க முடியாதது.

இரண்டாம் தட்டும் பழுதில்லாமல் இல்லை. சத்தம் கூட இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் உச்ச அளவுவரை தூக்கி, முனைகளை நசுக்கியிருக்கிறீர்கள். என்னிடம் உள்ள பழைய சிடியில் மெல்லிய இடங்களுக்குக் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கும், உங்கள் தட்டில் மெல்லியது வலியது எல்லாம் ஒரே மட்டம். இதைத் தனிப் புகாராக எழுதவில்லை, ரசனை சார்ந்தது என்று நீங்கள் சொல்லலாம்.

சென்ற மாதம் சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தேன். படத்தின் வீடியோ தட்டுகள் சற்று வேகமாக ஓடும், அதனால்தான் எங்கள் தட்டு மெதுவாகத் தோன்றுகிறது என்று உங்கள் பிரிவிலிருந்து பதில் வந்தது. சில டிவிடிகளுக்கு அது பொருந்தும், மறுக்கவில்லை. நொடிக்கு 24 சட்டகமாக (ஃபிரேமாக) எடுத்த படத்தை 25 சட்டகமாக ஓட்டினால் வேகம் 4 சதவீதம் கூடும். ஆனால் அப்போது சுருதியும் சேர்ந்து ஏறும், ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்த ஸ்வரஸ்தானத்துக்கும் உள்ள தூரத்தில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக. நான் ஒப்பிட்டது 24 சட்டக வேகத்தில் ஓடும் ப்ளூ-ரேயோடு. சுருதி நகரவில்லை, காலப்பிரமாணம் மட்டும் தளர்ந்திருக்கிறது. இயந்திரம் மெதுவாக ஓடினால் இரண்டும் சேர்ந்து இறங்கும், வாசிப்பவர் நிதானித்தால் காலப்பிரமாணம் மட்டும் இறங்கும். போகட்டும், நீங்கள் சொன்ன காரணமே சரி என்று வைத்துக்கொண்டாலும், உங்கள் இரு தட்டுகளும் ஒன்றுக்கொன்று நொடிகூட மாறாமல் இருப்பதற்கு அது எப்படிப் பதிலாகும்? அந்தக் கேள்வியை உங்கள் பதில் தொடவே இல்லை.

ஒரு திரைப்பட இசைக்குப் பல பதிவுகள் இருப்பதை நான் குறையாகப் பார்க்கிறவன் அல்ல. 1960-களின் இறுதியில் லண்டன் ஃபில்ஹார்மோனிக்கோடு ஹெர்மன் தொகுத்து வாசித்தது என்னிடம் இருக்கிறது. அது டெக்கா நிறுவனத்தின் 'ஃபேஸ் 4' முறையில், நிறைய மைக்குகளை வாத்தியங்களுக்கு அருகில் வைத்து எடுத்தது. வில்லில் தடவிய ரோசின் பிசினின் உரசல்கூடக் கேட்கும். 1996-இல் லாஸ் ஏஞ்சலஸ் ஃபில்ஹார்மோனிக்கோடு ஈசா-பெக்கா சலோனன் வெளியிட்டது இருக்கிறது. கச்சேரி மேடையின் துல்லியம் அதில் உண்டு, பயம் குறைவு. 1997-இல் ஜோயல் மெக்னீலி ராயல் ஸ்காட்டிஷ் நேஷனல் இசைக்குழுவோடு தந்த முழுப் பதிவை, முதன்முதலாகக் கேட்பவருக்கு நான் கொடுப்பேன். ஒவ்வொன்றும் ஒரு விளக்கம். ஒரே கீர்த்தனையை நால்வர் பாடிக் கேட்பதுபோல. ஆனால் யார், எப்போது பாடியது என்று உண்மையைச் சொல்ல வேண்டும்.

1960 பதிவு மறுபதிப்பு அல்ல, வேர். 'சைக்கோ'வில் மனநல விடுதியைப் பற்றிப் பேசும் இடத்தில் மூன்று ஸ்வரங்களில் ஒரு சிறு சொற்றொடர் வரும். அதை ஹெர்மன் 1936-இல் தந்தி வாத்தியங்களுக்காக எழுதிய 'சின்ஃபோனியெட்டா'விலிருந்து எடுத்தார். 'டாக்ஸி டிரைவர்' படத்தின் முடிவில் அதே மூன்று ஸ்வரங்களை மறுபடி வைத்தார். அந்தப் படத்தின் பதிவை முடித்த சில மணி நேரத்தில், 1975 டிசம்பர் 24 அன்று, 64 வயதில் காலமானார். நீங்கள் இரண்டு தட்டிலும் வைத்திருப்பது அந்தக் கடைசி வருடத்தின் வாசிப்பு. 15 வருடம் முன்பு அதே மனிதர் அதே தாள்களை எந்த வேகத்தில் நடத்தினார், எதை மாற்றிக்கொண்டார், எதை விடாமல் பிடித்திருந்தார் என்று கேட்டறியத்தான் இந்தப் பெட்டியை வாங்கினேன். அந்த ஒப்பீட்டுக்கான ஒரு பாதி உள்ளேயே இல்லை.

ஆகவே நான் கேட்பவை இவை. பெட்டியின் முழு விலையையும் அஞ்சல் செலவையும் திருப்பித் தாருங்கள். முதல் தட்டுக்கு எந்த டேப்பிலிருந்து ஒலி எடுத்தீர்கள், அதை மோனோவாக்கி வெட்டியது யார் முடிவு என்று எழுத்தில் பதில் அனுப்புங்கள். விற்பனையில் இருக்கும் மற்றப் பெட்டிகளிலிருந்து '1960 மூலப் பதிவு' என்ற சொற்களை நீக்குங்கள், ஏற்கெனவே வாங்கியவர்கள் அனைவருக்கும் தகவல் அனுப்புங்கள். உண்மையான 1960 பதிவு உங்கள் கையில் இருந்து, தொழிற்சாலையில் தட்டு மாறிப்போனதுதான் என்றால், பணம் வேண்டாம், அந்தத் தட்டை அனுப்புங்கள். அதையே நான் அதிகம் விரும்புவேன்.

டிராக் நேரங்களின் பட்டியல், தலைகீழாக்கிக் கூட்டிய ஒலிக்கோப்பு, கையேட்டின் அந்தப் பக்கத்தின் படம், வாங்கிய ரசீது ஆகியவற்றை இணைத்திருக்கிறேன். பெட்டியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், கேட்டால் அனுப்பித் தருவேன். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் இதே இணைப்புகளோடு மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்