ஒரே குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஒன்பது மாதம் முடிந்த குழந்தையோடு தட்டம்மை – ரூபெல்லா (எம்.ஆர்.) ஊசிக்கு வரும் தாயிடம், “இன்னைக்கு உங்க குழந்தை ஒண்ணுதாம்மா, அடுத்த புதன்கிழமை வாங்க, நாலஞ்சு பேரா சேர்த்துப் போட்டுடலாம்” என்று சொல்லி அனுப்புவது பல இடங்களில் நடக்கிறது. சொல்கிற செவிலியரைத் திட்டிப் பயனில்லை. ஒரு எம்.ஆர். குப்பியில் ஐந்து அல்லது பத்துப் பேருக்கான மருந்து இருக்கிறது. ஒருவருக்குப் போட்டுவிட்டு மீதியை எறிந்தால், மாதக் கூட்டத்தில் ‘வேஸ்டேஜ் ஏன் இவ்வளவு?’ என்ற கேள்வி அவரிடம்தான் வரும். ஆனாலும் அந்தக் கணக்கு தப்புக் கணக்கு.

இந்த ஊசிக்கு ஒன்பதாம் மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் தாயின் ஆன்டிபாடிகள் நஞ்சுக்கொடி வழியாகப் பெருமளவில் குழந்தைக்குப் போகின்றன. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அந்தச் சீதனம் குறைவு. பிறந்த பிறகு இது மாதா மாதம் கரைகிறது. கரைவதற்கு முன்பே ஊசி போட்டால், தாய் தந்த ஆன்டிபாடியே தடுப்பூசியில் உள்ள உயிருள்ள வைரஸை அடக்கிவிடும். ஊசி போட்டும் பலன் இருக்காது. முழுக்கக் கரையட்டும் என்று காத்திருந்தால் குழந்தை வெறுங்கையோடு நிற்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் பிடித்த இடம்தான் ஒன்பது மாதம். அப்போதும் நூற்றில் சுமார் 85 குழந்தைகளுக்குத்தான் எதிர்ப்புசக்தி பிடிக்கும். மீதிப் பேருக்கு இரண்டாவது வாய்ப்பாகத்தான் 16 – 24 மாதத்தில் அடுத்த ஊசி. அதை ‘பூஸ்டர்’ என்று சொல்லிச் சொல்லியே, ‘ஒண்ணு போட்டாச்சே, போதும்’ என்ற எண்ணத்தைப் பெற்றோரிடம் நாமே வளர்த்துவிட்டோம்.

ஆகவே ஒன்பதாம் மாதத்தில் திருப்பி அனுப்பப்படும் குழந்தை, தாய் தந்த பாதுகாப்பு பெரும்பாலும் தீர்ந்துபோய், தன் பாதுகாப்பு இன்னும் தொடங்காத குழந்தை. தட்டம்மை வைரஸோ, நோயாளி எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம்வரை அந்த அறைக் காற்றில் இருக்கக்கூடியது. இருமலும் காய்ச்சலுமாகப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் அதே வராண்டாவில் இந்தக் குழந்தையையும் காக்க வைத்து, ஊசி போடாமல் அனுப்புகிறோம். கூலி வேலையை விட்டுவிட்டு வந்த தாய் அடுத்த புதனும் வருவார் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை.

“திறந்த குப்பியை வைத்திருந்து அடுத்த வாரம் போடலாமே, ஐந்து நோய்களுக்கான பென்டாவாலென்ட் ஊசியை அப்படித்தானே செய்கிறீர்கள்?” என்று படித்த பெற்றோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. பென்டாவாலென்ட் திரவ மருந்து, கிருமி வளராமல் தடுக்கும் பொருள் கலந்தது. குளிர்ச்சி கெடாமல், காலாவதி ஆகாமல், லேபிளில் உள்ள, சூடு பட்டால் கறுக்கும் வெப்பக்காட்டியின் உட்சதுரம் வெளிவட்டத்தைவிட வெளுப்பாகவே இருந்தால், திறந்த நாளிலிருந்து 28 நாள்வரை பயன்படுத்தலாம். எம்.ஆர். அப்படியல்ல. அது உலர்தூள், நீர்விட்டுக் கரைத்துத்தான் போட வேண்டும். கிருமித்தடுப்புப் பொருள் அதில் கிடையாது. வெப்பக்காட்டியும் மூடியில் அல்லது கழுத்தில்தான் இருக்கும், திறந்ததும் போய்விடும். அதன் பிறகு மருந்தின் நிலைக்குச் சாட்சி, லேபிளில் பேனாவால் எழுதும் நேரம் ஒன்றுதான். நான்கு மணி நேரம், அல்லது முகாம் முடியும் வரை, எது முந்தியதோ அதோடு சரி. காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.க்கும் இதே விதிதான். மீறினால் கரைத்த மருந்தில் ஸ்டாஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா பெருகி நஞ்சைக் கக்கலாம். அதைப் போட்ட சில மணி நேரத்தில் கடும் காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு என்று அதே குப்பியில் ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள் அடுத்தடுத்து வந்து சேர்வார்கள். 2017 மே மாதம் தெற்கு சூடானின் கபோட்டா பகுதியில் 15 குழந்தைகள் இப்படி இறந்தனர். கரைக்கும் சிரிஞ்சு ஒன்றையே நான்கு நாள் பயன்படுத்தியிருந்தார்கள், மருந்தைக் குளிரிலும் வைக்கவில்லை.

கரைப்பது பற்றியும் சொல்ல வேண்டும். டைலூயன்ட், அதாவது தூளைக் கரைக்கும் திரவம், ‘ஏதோ தண்ணீர்’ அல்ல. அதே நிறுவனம் அதே மருந்துக்கென அனுப்பியதாக இருக்க வேண்டும், எம்.ஆர்.க்கு உரியதை பி.சி.ஜி.க்கு ஊற்றக் கூடாது. முந்தின நாளே ஐ.எல்.ஆர். எனும் தடுப்பூசிக் குளிர்பெட்டியில் வைத்து 2 – 8 டிகிரிக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். அறைச்சூட்டில் கிடந்ததை ஊற்றினால் தடுப்பூசியின் வீரியம் குறைந்துவிடக்கூடும். ஐந்து டோஸ் குப்பிக்கு 2.5 மில்லி, பத்து டோஸ் குப்பிக்கு 5 மில்லி. குப்பிக்கு ஒரு புதிய கரைக்கும் சிரிஞ்சு, குழந்தைக்கு ஒரு புதிய 0.5 மில்லி ஏ.டி. சிரிஞ்சு (ஒரு முறை போட்டதும் தானே பூட்டிக்கொள்வது). வலது மேற்கையில், தோலுக்கு அடியில்.

இதில் பிசகினால் ஒரு நாடே எவ்வளவு இழக்கும் என்பதற்கு சமோவா இருக்கிறது. 2018 ஜூலையில் அங்கே செவிலியர்கள் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா) தடுப்பூசித் தூளை, டைலூயன்ட் என்று நினைத்துத் தசைத்தளர்ச்சி மருந்தில் கரைத்துவிட்டார்கள். இரண்டு குழந்தைகள் இறந்தன. அரசு அந்த ஊசியையே பல மாதம் நிறுத்தியது. தடுப்பூசி மீதே மக்களுக்கு நம்பிக்கை போயிற்று. 2019 கடைசியில் தட்டம்மை புகுந்தபோது, சுமார் இரண்டு லட்சம் பேர் வாழும் அந்தத் தீவு நாட்டில் 83 பேர் மடிந்தார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். தடுப்பூசி இருக்கும் பெட்டியில் வேறு எந்த ஊசி மருந்தும் இருக்கக் கூடாது என்பது இதற்காகத்தான்.

மருந்து வீணாவதைக் குறைக்க வழி இல்லாமல் இல்லை. அந்த மாதம் ஒன்பதாம் மாதம் முடிக்கும் குழந்தைகளையும் பதினாறாம் மாதம் முடிக்கும் குழந்தைகளையும் ஒரே பட்டியலில் எழுதி, முந்தின நாள் போன் செய்து, எல்லாரையும் காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டுக்குள் வரச் சொல்லலாம். முதல் குழந்தை வந்ததும் திறந்தால், பிந்தி வருபவர்களுக்கும் நேரம் இருக்கும். இவ்வளவும் செய்த பிறகும் ஒரே குழந்தைதான் வந்தது என்றால், திறக்க வேண்டியதுதான். சளி, லேசான காய்ச்சல் என்று சொல்லித் திருப்பி அனுப்புவதும் இதே வகைத் தவறு. அவை தடையே அல்ல.

பெற்றோருக்கு ஒன்று: எம்.ஆர். போட்ட அன்றே காய்ச்சல் வருவது அரிது. ஏழாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் வரலாம், சிலருக்கு லேசாகத் தடிப்பும் தெரியும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், ‘ஊசி போட்டதால் அம்மை வந்துவிட்டது’ என்று ஊரில் பேச்சாகிவிடும். பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மி.கி. எட்டுக் கிலோ குழந்தைக்கு 120 மி.கி. ஐந்து மில்லியில் 120 மி.கி. உள்ள சிரப் என்றால் ஐந்து மில்லி. ஒரு மில்லியில் 100 மி.கி. உள்ள சொட்டு மருந்து என்றால் 1.2 மில்லிதான். சிரப்பின் அளவில் சொட்டு மருந்தை ஊற்றினால் நான்கு மடங்குக்கு மேல் போய்விடும். பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு ஊற்றுங்கள்.

சுகாதாரத் துறையிடம் கேட்பது ஒன்றுதான். மாதாந்திர வேஸ்டேஜ் படிவத்தில், ‘ஒரே குழந்தைக்காகத் திறந்த குப்பிகள்’ என்று ஒரு தனிப் பத்தி சேர்த்து, அதில் எழுதிய எண்ணிக்கைக்கு எந்தச் செவிலியரிடமும் விளக்கம் கேட்பதில்லை என்று சுற்றறிக்கை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் நலச் செவிலியர் பயிற்றுநர்,
தஞ்சாவூர்