அந்த 31 அடிப் படகையே பார், அம்மாடி

அன்பு மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பெருங்கடல் பயணத்துக்கு வாங்கலாம் என்று நீ அனுப்பிய இரண்டு பாய்மரப் படகு விளம்பரங்களையும் படம் படமாகப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். உன் மனசு அந்த 42 அடிப் படகின் மேல்தான் இருக்கிறது என்பது நீ எழுதிய விதத்திலேயே தெரிகிறது. புது மெத்தை, பளபளக்கும் மரவேலை, மூன்று அறை, சுக்கான் சக்கரத்துக்கு முன்னால் கடல் வரைபடம் காட்டும் பெரிய திரை. 31 அடிப் படகைப் பற்றி ஒரே ஒரு வரி: “இது ரொம்பப் பழசுப்பா, சும்மா பார்க்க அனுப்பினேன்.” எனக்குப் பிடித்தது அந்தப் பழசுதான். ஏன் என்று எழுதுகிறேன். மாப்பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி.

இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே விலை. முதலில் யோசிக்க வேண்டியதே அதுதான். பதினோரு அடி கூடுதலான படகை ஒருவர் அதே விலைக்குத் தருகிறார் என்றால், மிச்சப் பணத்தை நீ பின்னால் கொட்டப் போகிறாய் என்று அர்த்தம். நீளம் மூன்றில் ஒரு பங்கு கூடும்போது அகலமும் ஆழமும் சேர்ந்து கூடி, எடை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். பாய், கம்பி, நங்கூரம், சங்கிலி, கயிற்றை இழுத்துச் சுற்றும் வின்ச் எல்லாமே அந்த எடைக்கு ஈடுகொடுக்கும் அளவில் வேண்டும். மரினாவில், அதாவது படகுத் துறையில், கட்டிவைக்க வாடகை அடிக்கணக்கு. கரையேற்றினால் அதுவும் அடிக்கணக்கு.

பணத்தை விடு. இரவு இரண்டு மணி, மாப்பிள்ளை உள்ளே அசந்து தூங்குகிறார், காற்று ஏறுகிறது. பெரிய பாயைச் சுருக்க வேண்டியவள் நீ ஒருத்திதான். 42 அடிப் படகின் பாய் உதற ஆரம்பித்தால் உன்னால் தனியாக அடக்க முடியுமா? 31 அடியில் முடியும். நீண்ட கடல் பயணத்தில் இருவர் இருந்தாலும் தளத்தில் விழித்திருப்பவர் எப்போதும் ஒருவர்தான்.

பழசு என்று பயப்படாதே. ஃபைபர் கிளாஸ் புதிதாக வந்த காலத்தில் அதன் பலம் எவ்வளவு என்று சரியாகக் கணக்கிடத் தெரியாமல் தடிமனாகவே கட்டினார்கள். ஸ்வீடனில் 1979 வரை கட்டிய ஆல்பின் வேகா வெறும் 27 அடி. அப்படி ஒன்றில் மேட் ரதர்ஃபோர்டு 2011-இல் தனியாகக் கிளம்பி, வடதுருவப் பக்கம் கனடாவுக்கு மேலே உள்ள வடமேற்கு வழியில் புகுந்து, தென் அமெரிக்காவின் தென்முனையான கேப் ஹார்னைச் சுற்றி, எங்கும் கரை தொடாமல் 2012-இல் திரும்பி வந்தார். 27,000 மைலுக்கு மேல்! தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பாய்மரப் பந்தயத்தின் விதியே 32 முதல் 36 அடிப் படகு, 1988-க்கு முன் வரைந்த வடிவம், நீளக் கீல் (படகைக் கவிழாமல் நிறுத்தும் கனமான அடிப்பாகம்) என்பதுதான். 2023 ஏப்ரலில் அதை ஜெயித்தவர் கிர்ஸ்டன் நாய்ஷேஃபர், தனியாக உலகைச் சுற்றும் பந்தயத்தில் முதலிடம் பிடித்த முதல் பெண். அடுத்து வந்தவர் நம் அபிலாஷ் டாமி. சின்னப் படகில் எப்படிப்பா என்று இனி என்னிடம் கேட்காதே.

இன்னொன்றும் சொல்கிறேன். 1991 அக்டோபர் கடைசியில் வட அட்லாண்டிக் புயலில் சடோரி என்ற வெஸ்ட்செயில் 32 படகில் இருந்தவர்களை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். ஆளில்லாத அந்தப் படகு தன்பாட்டில் மிதந்து, சில நாள் கழித்து மேரிலாந்துக் கடற்கரையில் ஒதுங்கிக் கிடந்தது. அதை இழுத்து மறுபடியும் கடலில் விட்டார்கள். உனக்கு அப்படிப்பட்ட உடல் வேண்டும், மூன்று அறை வேண்டாம்.

நேரில் போகும்போது முதலில் தளத்தைப் பார். அது ஒரே கனமான தகடு இல்லை. மேலும் கீழும் ஃபைபர் கிளாஸ், நடுவில் பெரும்பாலும் பால்சா மரமோ ப்ளைவுட்டோ. கைப்பிடி, வின்ச் என்று திருகாணி இறங்கிய ஒவ்வொரு துளையிலும் வருஷக்கணக்கில் தண்ணீர் கசிந்து நடு மரம் ஊறி மக்கியிருக்கலாம், ஆனால் மேலே பெயிண்ட் ஜம்மென்று இருக்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பிப் பிடித்து, அதன் பிளாஸ்டிக் பிடியால் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தட்டிக்கொண்டே போ. நல்ல இடம் ‘டக், டக்’ என்று கணீரென்று சொல்லும். மக்கிய இடம் ‘பொத்’ என்று அமுங்கும். அந்த இடங்களைச் சுற்றி டேப் ஒட்டிக்கொண்டே வா. முடித்துவிட்டு எட்டி நின்று பார்த்தால் தளத்தின் நிலைமை படம் போட்டதுபோல் தெரியும். உள்ளங்கை அளவு இரண்டு மூன்று இடம் என்றால் பழுது பார்த்துக்கொள்ளலாம். பாதித் தளம் டேப்பாக இருந்தால் பேச்சை வளர்க்காமல் கிளம்பிவிடு.

அடுத்தது செயின் பிளேட். பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிகள் படகின் உடலோடு சேரும் தகடு. துருப்பிடிக்காத எஃகுதானே என்று நினைக்காதே. அந்த எஃகைக் காப்பது அதன் மேல் படியும் மெல்லிய படலம், அது நிலைக்கக் காற்று வேண்டும். தகடு தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் தேங்கி, காற்றில்லாமல், உள்ளுக்குள்ளேயே அரித்து விரிசல் விடும். மேலே கண்ணாடி மாதிரி மின்னும். கப்பல் இன்ஜின் ரூமிலேயே காலம் தள்ளியவன் நான், இந்த அரிப்பைப் பம்புகளிலும் போல்ட்டுகளிலும் பார்த்துப் பழகியவன். அந்த 42 அடிப் படகின் ஒன்பதாவது படத்தில் ஒரு அலமாரிக் கதவு திறந்திருக்கிறது. உள்ளே மேல் மூலையிலிருந்து பழுப்பாக ஒரு கோடு வழிந்திருக்கிறது, பார்த்தாயா? மெத்தையை மாற்றியவர் அதை மாற்றவில்லை.

அந்தப் படகின் கீல் போல்ட் போட்டு மாட்டியது. தரை தட்டியிருக்கிறதா, தட்டியிருந்தால் யார் பழுது பார்த்தார்கள், அதற்குக் காகிதம் எங்கே என்று கேட்டே ஆக வேண்டும். 2014 மே மாதம் சீக்கி ரஃபிகி என்ற படகு அட்லாண்டிக் நடுவில் கீல் கழன்று கவிழ்ந்து நான்கு பேர் போய்விட்டார்கள். முன்பு பலமுறை தரை தட்டியதும் அதற்குச் செய்த பழுதுகளும் கீல் பொருந்தும் இடத்தைப் பலவீனமாக்கியிருக்கலாம் என்றது விசாரணை. 31 அடிப் படகில் அதை நிமிர்த்தி வைக்கும் பாரம் உடலுக்குள்ளேயே வைத்து மூடியிருக்கிறது, இந்த போல்ட் கவலை இல்லை. அடிப்பகுதியில் அடிபட்ட தடம் உண்டா என்று மட்டும் பார்.

அந்த 31 அடிப் படகின் அடியில், ஃபைபருக்குள் தண்ணீர் ஏறி வரும் கொப்புளங்கள் இருப்பதாக அந்த உரிமையாளரே எழுதியிருக்கிறார். நீ அதைப் பார்த்துத்தான் மிரண்டிருப்பாய். கொப்புளத்தால் மூழ்கிய படகை நான் கேள்விப்பட்டதில்லை. சரி செய்ய நேரமும் உழைப்பும் ஆகும், அவ்வளவுதான். விலை பேசும்போது உனக்கு உதவும். தானாக முன்வந்து குறை சொல்கிறவரின் மற்ற பேச்சையும் கொஞ்சம் நம்பலாம்.

இன்ஜின் என் துறை, அதனால் இதை அப்படியே செய். முன்கூட்டியே இன்ஜினை ஓட்டி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போ. போனதும் முதல் வேலையாக இன்ஜின் மேல் கையை வை. சூடாக இருந்தால், குளிரில் கிளம்பாத இன்ஜினை உனக்காக முன்பே கிளப்பி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படு. ஆயில் கோலை உருவிப் பார், பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போகிறது. ஸ்டார்ட் செய்ததும் பின்னால் ஓடிப்போய்ப் புகையைப் பார். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் காற்று போதவில்லை, இல்லை சுமை அதிகம். வெள்ளை விடாமல் வந்தால் டீசல் சரியாக எரியவில்லை, அல்லது உள்ளே தண்ணீர். புகைக் குழாயில் தண்ணீர் விட்டு விட்டுத் துப்ப வேண்டும். அந்தச் சத்தத்தை போனில் பதிவு செய்து எனக்கு அனுப்பு. கேட்டாலே பாதி சொல்லிவிடுவேன்.

இதெல்லாம் உன் கண்ணுக்கு. அதன் பிறகு படகைச் சோதித்து அறிக்கை தரும் சர்வேயர் கட்டாயம் வேண்டும், படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்க்கவும் வேண்டும். விற்பவரோ தரகரோ கைகாட்டும் ஆள் வேண்டாம், நீயே தேடிப் பிடி. வழக்கமான சர்வேயில் பாய்மரத்தின் உச்சிக்கு ஏற மாட்டார்கள், இன்ஜினின் உள்ளேயும் பார்க்க மாட்டார்கள். அதற்குத் தனி ஆள் வைக்கும் செலவுக்கு யோசிக்காதே. பாய்மரக் கம்பிகளுக்கு 10, 15 வருஷம் ஆகியிருந்தால் மாற்றச் சொல்லும் காப்பீட்டு நிறுவனங்கள் உண்டு. பழைய படகே வேண்டாம் என்பவர்களும் உண்டு. ஆகவே முன்பணம் கொடுக்குமுன் காப்பீடு கிடைக்குமா என்று கேட்டுவிடு. பதிவுச் சான்று, கை மாறிய ரசீதுகள், படகின் மேல் கடன் இல்லை என்பதற்கு அத்தாட்சி. இவை இல்லாமல் ஒரு காசு கைமாறக் கூடாது.

கையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வைத்துக்கொள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அல்லாடக் கூடாது. 31 அடிப் படகின் பின்புறம் காற்றாடிச் சுக்கான் மாட்டியிருக்கிறது, கவனித்தாயா? காற்றின் திசையை வைத்தே படகைத் தானாக ஓட்டும், மின்சாரமே வேண்டாம். அந்தப் பெரிய திரைக்கு ஆசைப்பட்டாயே, அது இரண்டு வருஷத்தில் பழசாகிவிடும். இது பெருங்கடலைக் கடக்கும் வாரங்களில் இரவு பகலாக உழைக்கும் மூன்றாவது ஆள்.

ஒன்று மட்டும் அப்பாவுக்காகச் செய். பெரிய கப்பலில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: அலைகளுக்கு நடுவே சின்ன ஃபைபர் படகு ரேடாரில் சரியாகத் தெரியாது. கப்பல்களின் இருப்பிடத்தை ரேடியோவில் பகிரும் ஏஐஎஸ் கருவி மற்றவர்களைக் காட்டினால் மட்டும் போதாது, நீ இருக்குமிடத்தையும் அனுப்பும் வகையாக வாங்கு. ஆபத்தில் செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் இபர்ப் கருவி படகோடு வந்தால் பழைய உரிமையாளர் பெயரில் இருக்கும். முதல் வாரமே உன் பெயருக்கு மாற்றி, அவசரத் தொடர்புக்கு என் எண்ணைக் கொடு. பேட்டரியின் காலாவதித் தேதியையும், உயிர்காக்கும் மிதவை கடைசியாக சர்வீஸ் ஆன தேதியையும் பார்.

உங்கள் இருவரையும் போகாதே என்று நான் சொல்லப் போவதில்லை. கடல் எனக்குச் சோறு போட்டது, உனக்கு அதன் மேல் ஆசை வந்தது எனக்குச் சந்தோஷம்தான். 31 அடிப் படகின் உரிமையாளருக்கு இந்த வாரமே எழுது. பராமரிப்பு நோட்டு இருந்தால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பச் சொல். படகைத் தூக்கும் நாள் முடிவானால் முன்கூட்டியே சொல், நானும் வருகிறேன்.

அன்புடன்,
அப்பா