அந்த 'தான்' வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கொரோனா காலத்தைத் திரும்பிப் பார்க்கும் உங்கள் ஞாயிறு கட்டுரையில், தமிழகத்தில் இறந்தவர்கள் 38 ஆயிரம் பேர்தான், அவர்களிலும் பெரும்பாலோர் இணை நோய் உள்ளவர்கள் என்று ஒரு வரி வருகிறது. அந்த 'தான்' என்ற இடத்தைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

என் அப்பாவுக்கு இருபது வருடமாகச் சர்க்கரை. மாத்திரை போட்டுக்கொண்டு தினமும் கடைக்குப் போய்வந்த மனிதர். 2021 மே மாதம் காய்ச்சல் வந்தது. ஆர்டிபிசிஆர் (கொரோனா பரிசோதனை) நெகட்டிவ், சிடி ஸ்கேனில் நுரையீரல் பாதிக்கு மேல் போயிருந்தது. கொரோனா வார்டில்தான் சேர்த்தார்கள். ஆறாம் நாள் பையில் சுற்றிக் கொடுத்தார்கள், அம்மா முகம்கூடப் பார்க்கவில்லை. சான்றிதழில் மட்டும் மாரடைப்பு, சர்க்கரை நோய். அப்புறம் 50,000 ரூபாய் நிவாரணத்துக்கு மனு கொடுத்தபோது, அந்த நெகட்டிவ் தாளைக் காட்டியே திருப்பி அனுப்பினார்கள். உங்கள் 38 ஆயிரத்தில் அவர் இல்லை.

சென்னையில் விடுபட்ட 444 மரணங்களை 2020 ஜூலையில் அரசே கணக்கில் சேர்த்தது உங்களுக்குத் தெரியாததல்ல. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் 47 லட்சம் கூடுதல் மரணங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டதை மத்திய அரசு ஏற்கவில்லை. சரி, மதிப்பீடே வேண்டாம். அரசின் சொந்தப் பதிவேட்டைப் பாருங்கள். நாட்டில் 2020இல் பதிவான இறப்புகள் 81 லட்சம், 2021இல் 1 கோடியே 2 லட்சம். அத்தனையும் கொரோனா என்று நான் சொல்லவில்லை. பதிவு செய்வது கூடியிருக்கலாம். படுக்கை கிடைக்காமல் வேறு நோயில் போனவர்களும் உண்டு. ஆனால் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் முந்தைய வருடங்களிலும் இருந்தனவே!

அன்றைக்கும் தினமும் முதல் பக்கத்தில் கட்டம் கட்டி 'இன்றைய பலி' போட்டீர்கள். மின்மயானத்தில் டோக்கன் வாங்கி, பதினொரு உடல்களுக்குப் பின்னால் நாங்கள் காத்திருந்த நாளில், எங்கள் மாவட்டம் முழுவதற்கும் நீங்கள் போட்ட எண் நான்கு. அப்போதே எழுதினேன். கடிதம் அச்சில் வரவில்லை. பக்கம் இல்லாமல் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி அந்த 38 ஆயிரத்தை அச்சிடும்போது 'அரசுக் கணக்குப்படி' என்று சேர்த்து, பக்கத்திலேயே பதிவான மொத்த இறப்புகளையும் போடுங்கள். 'தான்' வேண்டாம்.

இப்படிக்கு,
இருபத்தாறு வருடமாக உங்கள் வாசகி