சிடுசிடுப்பும் சிகிச்சைக்கு உரியதே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முன்கோபமும் எரிச்சலும் பிறவிக் குணம், அவற்றை மாற்ற முடியாது என்று நம் வீடுகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அரசுப் பள்ளியில் 24 ஆண்டுகளாகப் பணியாற்றும் நானும் என்னைப் பற்றி அப்படித்தான் நம்பியிருந்தேன். ஒரு மாலை நான் வாசற்கதவைத் திறக்கும்போது, "அம்மா வந்துட்டாங்க, டிவியை அணைச்சிடு" என்று என் மகள் தன் தம்பியிடம் பதற்றத்துடன் சொன்னது காதில் விழுந்த பிறகே மருத்துவரிடம் சென்றேன்.

தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை, தூக்கம் ஆகியவற்றை முதலில் அவர் ஆராய்ந்தார். மனச்சோர்வு சிலரிடம் அழுகையாக வெளிப்படாமல் எரிச்சலாகவே வெளிப்படும் என்பதால் அதைப் பற்றியும் விசாரித்தார். பிறகு, எண்ணங்களையும் நடத்தையையும் கவனித்து மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சையை அளிக்கும் மருத்துவ உளவியலாளரிடம் அனுப்பினார். 1960-களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் மனச்சோர்வுக்காக உருவாக்கிய இம்முறை, இன்று கோபத்துக்கும் எரிச்சலுக்கும் பரவலாகப் பயன்படுகிறது.

அங்கே எனக்கு அறிவுரை எதுவும் கிடைக்கவில்லை. ஒரு நோட்டுப் புத்தகம்தான் கிடைத்தது. ஒவ்வொரு முறை சீறி விழும்போதும் என்ன நடந்தது, அந்தக் கணத்தில் மனதில் ஓடிய எண்ணம் என்ன, உடலில் என்ன தெரிந்தது, நான் என்ன செய்தேன் என்று நான்கு பத்திகளில் எழுதி வர வேண்டும். மூன்று வாரக் குறிப்புகளைப் புரட்டியபோது, என் கோபத்தில் பெரும்பகுதி பள்ளியிலிருந்து பசியோடு திரும்பும் ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் மூண்டது என்பதும், அதற்கு முன்பே தாடை இறுகிவிடுகிறது என்பதும், "வேண்டுமென்றே செய்கிறார்கள்", "எல்லாவற்றையும் நானே செய்ய வேண்டியிருக்கிறது" என்ற இரண்டு எண்ணங்களே திரும்பத் திரும்ப வருகின்றன என்பதும் தெளிவாயின.

முதல் எண்ணத்துக்குச் சான்று தேடினோம்; கிடைக்கவில்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போடும் பன்னிரண்டு வயதுப் பையனுக்கு என்னை அவமதிக்கும் நோக்கம் இல்லை. இரண்டாவது எண்ணமோ பெருமளவு உண்மையாகவே இருந்தது. அதை மறந்துவிடுங்கள் என்று உளவியலாளர் சொல்லவில்லை. கத்தாமல் அதை என் கணவரிடம் எப்படிச் சொல்வது என்று என்னோடு ஒத்திகை பார்த்தார். இப்போது மாலைச் சமையல் கணவருடையது. பொறுத்துப் போகக் கற்றுத்தரும் சிகிச்சை இது என்று தயங்கும் பெண்களுக்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். தாடை இறுகும்போது மூச்சை மெதுவாக விடுவதும், "பத்து நிமிடத்தில் வந்து பேசுகிறேன்" என்று சொல்லி அறையை விட்டு வெளியேறுவதும், சொன்னபடி திரும்பி வந்து பேசுவதும் பயிற்சியின் பகுதிகள். கோபத்தைக் கொட்டித் தீர்த்தால் அது தணியும் என்ற நம்பிக்கையை ஆய்வுகள் ஆதரிக்கவில்லை என்பதையும் அங்கேதான் அறிந்தேன்.

பன்னிரண்டு வாரங்கள், வாரம் ஓர் அமர்வு என மானாமதுரையிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் சென்று, தனியார் மையத்தில் கட்டணம் செலுத்தி இதைப் பெற்றேன். கூலி வேலைக்குச் செல்லும் ஒரு தாய்க்கு இது இயலுமா? மனநல மருத்துவச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம். டெலி மானஸ் என்னும் அரசின் தொலைபேசி மனநலச் சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம் என்பது நல்ல தொடக்கம். ஆனால் வாரந்தோறும் ஒருவரே உடனிருந்து தரும் பயிற்சிக்கு அது ஈடாகாது. எனவே, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர்களை வட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளிலும் நியமித்து, வேலைக்குச் செல்வோர் வரக்கூடிய மாலை நேரத்தில் வாரம் இரண்டு நாளாவது இச்சிகிச்சையை அளிக்க மக்கள் நல்வாழ்வுத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியை,
மானாமதுரை.