மூன்றாம் பாகம்

பட்டீஸ்வரம்
ஆடி 19

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

நேற்று பதினெட்டாம் பெருக்கு. முடிகொண்டானில் தண்ணீர் நன்றாகப் போகிறது. அம்மா கரையில் காதோலை கருகமணி, காப்பரிசி எல்லாம் வைத்துப் படைத்துவிட்டு வந்தாள். உனக்கும் சேர்த்து ஒரு மஞ்சள் கயிறு எடுத்து வைத்திருக்கிறாள். அதை உனக்கு அனுப்பலாமா என்று என்னிடம் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

நீ பேசி பதினொரு நாளாகிறது. அன்றைக்கும் "நல்லா இருக்கேன்ப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாய். ஆபீசில் வேலை அதிகம் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி ரொம்ப நேரம் கண் விழிக்காதே.

இங்கே எல்லோரும் சௌக்கியம். சம்பாவுக்கு நாற்று விட வேண்டும். அத்தைக்கு முழங்கால் வலி தேவலை. சித்திரையில் நீ வைத்துவிட்டுப் போன பெட்டி மாடியில் அப்படியே இருக்கிறது. நாங்கள் திறக்கவில்லை.

அந்த அறையை ஒழுங்கு செய்யும்போது பரணில் உன் நூலக அட்டை கிடைத்தது. ஆறாம் வகுப்பில் எடுத்தது. அதைப் பார்த்ததிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நூலகத்துக்குப் போக நீ எனக்கு முன்னால் எழுந்து சைக்கிளைத் துடைத்து வைத்திருப்பாய். தாராசுரம் தாண்டி அரசலாற்றுப் பாலத்துக்கு வந்ததும் நிறுத்தச் சொல்வாய். கீழே முதலை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் உனக்கு. பொன்னியின் செல்வனில் வந்தியத்தேவன் ஓடி வந்து வேல் எறிவானே, பஞ்சு அடைத்த முதலை என்று தெரியாமல், அது இந்த அரிசிலாற்றங்கரைதான் என்று நான் சொல்லியிருந்தேன். செத்த முதலை எப்படியப்பா ஆற்றில் இருக்கும் என்று ஒரு நாள் நீயே கேட்டுவிட்டு, அடுத்த வாரமும் எட்டிப் பார்த்தாய்.

நூலகத்தில் அந்தப் பெரியவர் உன்னைப் பெரிய மனுஷியாக நடத்துவார். சுவரில் மாட்டியிருந்த ரங்கநாதன் படத்தைக் காட்டி, இவர் நம் சீர்காழிக்காரர், நூலகத் துறைக்கே தகப்பன் மாதிரி என்பார். 1931ல் மன்னார்குடி பக்கம் மேலவாசலிலிருந்து மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போன கதையை அவர் எத்தனை தடவை சொன்னாலும் நீ முதல் தடவை போலக் கேட்டுக்கொண்டிருப்பாய். உன்னைப் போலக் கேட்கத் தெரிந்த பிள்ளையை நான் பார்த்ததில்லை. இதை அப்போதே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பொன்னியின் செல்வன் 1950லிருந்து 54 வரை கல்கி பத்திரிகையில் வாராவாரம் வந்த கதை. உன் பாட்டி பத்திரிகைக்காகக் காத்திருந்து, பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துத் தைத்து வைத்தவள். 55 வெள்ளத்தில் அத்தனையும் போயிற்று என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள். எழுதிய கல்கியும் நம் மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்துக்காரர். இதே பதினெட்டாம் பெருக்கில், வீராணம் ஏரிக்கரையில்தான் கதை தொடங்குகிறது. அதனால் ஒவ்வொரு ஆடியிலும் எனக்கு வந்தியத்தேவனின் அந்தக் குதிரை ஞாபகம் வந்துவிடும்.

உனக்குப் பூங்குழலிதான் பிடிக்கும். துணி உலர்த்தும் கழியைத் துடுப்பாக்கிக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து கோடிக்கரையிலிருந்து இலங்கைக்குப் போவாய். எனக்குக் குந்தவை. பழையாறை இங்கிருந்து கூப்பிடு தூரம், அவள் இந்த மண்ணில் நடந்தவள் என்று நினைத்தாலே எனக்குப் பெருமையாக இருக்கும். பெரிய கோயில் கல்லில் ராஜராஜன் தான் கொடுத்ததைச் சொன்ன கையோடு 'அக்கன் குடுத்தனவும்' என்று அக்கா குந்தவையையும் சேர்த்து வெட்டச் சொல்லியிருக்கிறானே, அதை விரல் வைத்து உனக்குக் காட்டினேன். இந்த வீட்டுக்கு மூத்தவள் நீ என்பதால் காட்டினேன்.

சினிமாவில் பார்த்துவிட்டேன் என்று சொல்லாதே. நாலாம் பாகமும் ஐந்தாம் பாகமும் நீ படிக்கவே இல்லை. ஏன் படிக்கவில்லை என்று நம் இரண்டு பேருக்கும் தெரியும்.

மூன்றாம் பாகம் தொலைந்ததே, கொலை வாள். நீ ஒன்பதாவது படித்தாய். தவணை முடிந்து நூலகத்திலிருந்து கார்டு வந்தது. அம்மா உன்னைக் கேட்டாள். "நான் தொலைக்கலம்மா, அப்பா பையிலதான் இருந்துச்சு" என்றாய். நான் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்லாதே என்று எழுந்து வந்து உன்னை அடித்தேன்.

பாப்பா, அது என் பையில்தான் இருந்தது. மாயவரத்துக்கு நிலத்து விஷயமாகப் போனபோது படிக்க எடுத்துக்கொண்டு போனேன். பஸ்ஸில் வைத்துவிட்டு இறங்கிவிட்டேன். அன்று ராத்திரியே எனக்குத் தெரியும். அந்த மாதம் கையில் பணம் இல்லை, அபராதம் என்றதும் அம்மா என்ன சொல்வாளோ என்று இருந்தது. ஆனால் அதெல்லாம் காரணமே இல்லை. சின்னப் பிள்ளை முன்னால் தப்பை ஒத்துக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். அப்புறம் பத்தாவது வருகிறது, இனி நூலகம் வேண்டாம் என்று சொல்லி அதையும் மூடினேன். நீ அழவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாய். அதற்கப்புறம் உனக்கு எது நடந்தாலும் "ஒண்ணுமில்லப்பா" தான்.

போன மாதம் ஐந்தையும் கும்பகோணத்தில் வாங்கி மறுபடி படித்தேன். செய்யாத கொலைக்கு வந்தியத்தேவனைப் பாதாளச் சிறையில் போடுகிறார்களே, அந்த இடத்தில் மேலே படிக்க முடியவில்லை. புத்தகத்தை மூடிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். அம்மா வந்து என்ன என்றாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இப்போது நீ எதைச் சொன்னாலும் நான் நம்புவேன். யார் வேறு மாதிரி சொன்னாலும் நீ சொல்வதைத்தான் நம்புவேன். மாப்பிள்ளை வீட்டார் சொன்னாலும் சரி. சொல்ல வேண்டாம் என்று இருந்தாலும் சரி, நான் கேட்க மாட்டேன்.

நாலாம், ஐந்தாம் பாகங்களைக் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். ராத்திரி கண் விழித்துப் படிக்காதே, ஞாயிற்றுக்கிழமைகளில் படி. மூன்றாம் பாகத்தை அனுப்பவில்லை. அதை உன் கையில் நானே தர வேண்டும். மைசூர் வண்டியில் ஏறினால் விடியற்காலை கும்பகோணம். எந்த நாள் என்று மட்டும் சொல், ஸ்டேஷனில் நிற்கிறேன். மாடி அறையில் புது ஃபேன் போட்டாயிற்று.

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா