சுவருக்குள் சத்தம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். போன மாதம் பேசும்போது, ராத்திரியில் சுவருக்குள் ஏதோ சுரண்டுகிறது, தூக்கமே வரவில்லை என்றாய். அதற்கப்புறம் நீ கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டால் "அப்புறம் பேசுறேம்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். வேலை இருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

அது எலிதான். குளிர் ஆரம்பித்ததும் கதகதப்பும் தீனியும் தேடி உள்ளே வரும். முப்பது வருஷம் கிடங்கு காத்தவன் சொல்கிறேன், பொறி வாங்குவதெல்லாம் அப்புறம், முதலில் ஓட்டையைப் பார். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் சந்து கிடைத்தால் போதும். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு வீட்டை உள்ளும் புறமும் சுற்றி வா. பென்சில் நுழைகிற இடமெல்லாம் அது வருகிற வழி என்று வைத்துக்கொள். குழாயும் வயரும் சுவருக்குள் போகிற இடம், சிங்குக்கு அடியில், அடுப்புக்குப் பின்னால், எல்லாம் பார். பகலில் விளக்கை அணைத்துவிட்டு வாசல் கதவுக்குக் கீழே குனிந்து பார், வெளிச்சம் தெரிந்தால் அங்கே ரப்பர் பட்டை அடிக்க வேண்டும்.

துணியையோ நுரைப் பஞ்சையோ மட்டும் அடைத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதே. எலிக்கு முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், எதையாவது கடித்துக்கொண்டேதான் இருக்கும். இரும்பு நாரை நன்றாகத் திணித்து அதன்மேல் சீலன்ட், அதாவது சந்தை அடைக்கிற பசை, பூசு. காற்றுப்போக்கி, புகை போகிற குழாய் இவற்றை மட்டும் அடைத்துவிடாதே. புகை உள்ளேயே தங்கினால் உயிருக்கு ஆபத்து. காற்றுப்போக்கிக்கு நெருக்கமான கம்பி வலை அடித்தால் போதும்.

தள்ளிப் போடாதே. சுண்டெலி மூன்று வாரத்தில் குட்டி போடும், ஒரு ஈற்றுக்கு ஐந்தாறு. அந்தக் குட்டிகள் ஆறு வாரத்தில் தாங்களே குட்டி போடத் தயாராகிவிடும். நீ எதையும் முற்றிய பிறகுதான் சொல்வாய். அந்தப் பல்வலியும் அப்படித்தான். சமாளித்துக்கொள்வாய் என்று தெரியும். பன்னிரண்டு வயதிலேயே ஃபியூஸ் போட்டவள் நீ, இப்போதும் நாலு பேரிடம் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இருந்தாலும் ஒரு வார்த்தை சொல்லலாம் இல்லையா?

எப்போதும் "எங்க வீடு" என்றுதான் சொல்வாய். அன்றைக்கு "நான் இருக்கிற வீடு" என்றாய். அம்மா அதைக் கவனிக்கவில்லை. நானும் அவளிடம் சொல்லவில்லை. சரி, பொறி விஷயத்துக்கு வருகிறேன்.

விஷம் வைக்காதே. தின்றது உடனே சாகாது, சில நாள் கழித்துச் சுவருக்குள் எங்காவது செத்து நாறும், எடுக்கவும் முடியாது. அடிக்கும் பொறிதான் நல்லது. எலி சுவரை ஒட்டியே ஓடும். அதனால் தீனி வைக்கிற முனை சுவரைத் தொடுகிற மாதிரி, பொறியைச் சுவருக்குக் குறுக்கே வை. தீனி துளியூண்டு போதும், நிறைய வைத்தால் பொறியை அசைக்காமலே நக்கிவிட்டுப் போய்விடும். ஒன்று போதாது, நாலைந்து வை. புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்காதே, தூசி மூச்சில் போனால் நோய் வரும். ஜன்னலைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் வெளியே இரு. பிறகு கையுறை போட்டுக்கொண்டு, பிளீச் கலந்த தண்ணீரை அதன்மேல் தெளித்து ஐந்து நிமிஷம் ஊறவிட்டுத் துடைத்தெடு. ஓட்டையை முதலில் அடை. முன்பே சொல்லிவிட்டேன், இருந்தாலும் சொல்கிறேன்.

பாப்பா, ஓட்டை ஓட்டை என்று எழுத எழுத ஒன்று உறுத்துகிறது. நீ படம் வரைந்து வைத்திருந்த நீல நோட்டு. எலி கடித்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். எந்த எலியும் கடிக்கவில்லை. பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது நீ அதிலேயே கிடக்கிறாய் என்று, பழைய பேப்பரோடு சேர்த்து நான்தான் போட்டேன். நீ அழுதிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேனோ என்னவோ. நீ டார்ச்சை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் ஊர்ந்து போய் ஓட்டை தேடினாய். கடைசியில் தரையோரம் மயிரிழை மாதிரி ஒரு விரிசலைக் காட்டி, "இது வழியாத்தாம்ப்பா வந்திருக்கும்" என்றாய். எறும்புகூட நுழையாத விரிசல். நான் சிமெண்ட் குழைத்து அதைப் பூசினேன். நீ டார்ச் பிடித்தாய்.

அம்மாவுக்கு இது இன்றுவரை தெரியாது. அதற்கப்புறம் நீ எதையும் என் கண்ணில் படுகிற மாதிரி வைத்ததில்லை. உனக்கு அப்போதே தெரிந்துவிட்டதா என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. இப்போதும் கேட்கவில்லை.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். சொல்ல முடிந்தால் சொல், இல்லாவிட்டால் பரவாயில்லை.

அடுப்புக்குப் பின்னால் கட்டாயம் பார்க்க வேண்டும், பெரும்பாலும் வழி அங்கேதான் இருக்கும். அடுப்பு கனமாக இருக்கும், நீ ஒருத்தியாக இழுக்காதே. கூடப் பிடிக்க ஆள் இருக்கிறதா என்று மட்டும் எழுது. இல்லையென்றால் நான் கிளம்பி வருகிறேன்.

அப்பா