உமிச்சாம்பலும் உடன்படிக்கையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பல்கலைக்கழகமும் தொழிற்றுறையும் சேர்ந்து உயர்தரப் பொருட்களை ஆய்வுசெய்ய வேண்டும் என்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். ஒலுவிலிலும் வந்தாறுமூலையிலும் பல்கலைக்கழகங்கள் உண்டு; அம்பாறை, மட்டக்களப்பு இரண்டிலும் அரிசி ஆலைகளுக்குக் குறைவில்லை. அப்படியென்றால் உமியிலிருந்தே தொடங்கலாம். 100 கிலோ நெல்லில் ஏறத்தாழ 20 கிலோ உமி, அதை எரித்தால் சுமார் 4 கிலோ சாம்பல். நன்றாக எரிந்த சாம்பலில் 85 முதல் 95 வீதம் சிலிக்கா, அதாவது மணலிலும் உள்ள பொருள்.

எந்தச் சூட்டில் எரிந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 600 பாகை செல்சியஸை ஒட்டி எரிந்தால் சிலிக்கா பளிங்குருவற்றதாக, அதாவது அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்படாததாக இருக்கும். கொங்கிறீற்றில் சுண்ணாம்போடு சேர்வதும், இறப்பருக்கான சிலிக்கா எடுக்கும்போது எரிசோடாக் கரைசலில் சுலபமாகக் கரைவதும் அதுதான். 800ஐத் தாண்டி நீடித்தால் கிறிஸ்டோபலைட் பளிங்காக மாறத் தொடங்கும். அது எதனோடும் எளிதில் சேராது, தூசாக உள்ளே போனால் நுரையீரலுக்கும் கேடு. ஆலைப் பொயிலரிலிருந்து இரண்டும் கலந்தே விழுகின்றன.

சாம்பலில் தெரியும் கறுப்பு, எரியாமல் மிஞ்சிய காபன். திரும்ப எரித்தால் வெளுக்கும் என்றும் நம்ப முடியாது: உமியிலுள்ள பொற்றாசியம் சிலிக்காவை மேலோட்டமாக இளகவைத்துக் காபனை உள்ளே பூட்டிவிடும். எரிக்குமுன் ஐதான ஐதரோகுளோரிக் அமிலத்தில் உமியைச் சூடாக்கி அலசினால் பொற்றாசியம் போகும். ஆனால் அந்தக் கழிவுநீரை யார் செலவில் நடுநிலையாக்குவது? வாய்க்காலில் விட்டால் அடுத்தவன் வயல்.

மின்சூளையில் மாணவர் எடுக்கும் 50 கிராம் வெள்ளைச் சாம்பலை வைத்து ஆலை விற்கப்போகும் தொன் கணக்கான சாம்பலை மதிப்பிடவே முடியாது. ஆகவே மாதிரி பொயிலரடியிலிருந்தே, ஒவ்வொரு வேளையும், சூட்டுப் பதிவோடு எடுக்கப்பட வேண்டும் என்று பல்கலைக்கழகமும் ஆலையும் செய்யும் உடன்படிக்கையில் எழுதுங்கள். பளிங்கு உண்டா என்று காட்டும் எக்ஸ் கதிர்ப் பரிசோதனையின் வரைபில் 22 பாகைக் கோணத்தை ஒட்டி அகன்ற மேடு வந்தால் நல்ல சாம்பல், கூரிய சிகரம் வந்தால் ஒதுக்க வேண்டியது. அந்தப் பரிசோதனைக் கட்டணம் யாருடையது என்பதையும் முன்கூட்டியே தீர்க்க வேண்டும்.

காப்புரிமை இன்னொரு இடறல். விண்ணப்பிக்குமுன் ஆய்வுக்கட்டுரை வெளிவந்தால் பல நாடுகளில் அந்த உரிமை பறிபோகும். அதற்காக மாணவரின் பட்டத்தை ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைப்பதும் அநியாயம். விண்ணப்பிக்க ஆலைக்கு ஆறு மாதம் கொடுத்தால் போதும், பிறகு கட்டுரை தாராளமாக வெளிவரட்டும்.

பெரிய கருவிகளுக்குப் பணம் தேடும் முன் இரண்டு மூன்று ஆலைப் பொயிலர்களில் சூட்டை அளக்கும் தேர்மோகப்பிள் பொருத்தி, ஒரு போக அறுவடைக்காலம் முழுக்கச் சூட்டைப் பதியலாம். அதற்குப் புரிந்துணர்வு உடன்படிக்கைகூடத் தேவையில்லை.

இப்படிக்கு,
வாசகர்,
சம்மாந்துறை